பச்சை நூல்

ஹப்சாவின் விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஜிம்மின் பெயர், பயிற்சியாளர் கையெழுத்து, முத்திரை. போன வாரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கப் போனோம். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அது நிரம்ப வேண்டும். இல்லையென்றால் சுவர் ஏறும் போட்டிக்கான மாநிலத் தேர்வுக்கு என் மகள் போக முடியாது. பதினாறு முடியப் போகிறது அவளுக்கு. இந்த வருஷம் விட்டால் அந்த வயதுப் பிரிவே கிடையாது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஃபைஜா. பதினாலு வருஷம் பெங்களூரில் குடித்தனம் செய்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் வில்லியனூருக்கு வந்து இறங்கினோம். என் வீட்டுக்காரர் மாலிக்குக்கு இது பிறந்த ஊர். அவர் அண்ணன் அமீர் ஹம்சா, இனிமேல் முடியாது என்று கயிற்றுக்கடையை இவர் கையில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஹப்சாவுக்குத்தான் இது வேற்றூர். ஒன்பது வயதிலிருந்து ஒரே ஜிம்மில் ஏறிய பெண், இங்கே மூன்று மாதமாகக் கதவு நிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அருவருப்பு கொஞ்சம் அதிகம். அடுத்தவர் குடித்த டம்ளரை மூன்று தரம் கழுவாமல் வாயில் வைக்க மாட்டேன். மாமியார் வீட்டில் எனக்குப் பெயரே 'சீச்சி ஃபைஜா'.

சனிக்கிழமை காலையில் முதலில் அரியூருக்குப் போனோம்.

பழைய அரிசி ஆலையின் கிடங்கு அது. ஆலை மூடி வருஷங்கள் ஆகியும் ஊறவைத்த நெல்லின் புளித்த வாடை சுவரை விட்டுப் போகவில்லை. அதன் மேல் வௌவால் புழுக்கை வாடை. அதற்கும் மேல், பக்கத்து மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளின் கால் வாடை. வாசலிலேயே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன்.

ஏறுவதற்கான ஷூக்களைச் சாக்கிலிருந்து கொட்டியதுபோல் மூலையில் குவித்திருந்தார்கள். சாக்ஸ் இல்லாமல் போடுவார்களாம். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஈரம். யாருடைய கால் ஈரமோ. அதை அப்படியே கீழே போட்டுவிட்டு, விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றேன். சுவரில் திருகியிருந்த பிடிகள் எல்லாம் கைபட்டுக் கைபட்டுக் கறுத்து எண்ணெய் வழிந்தன.

"வாங்கக்கா, டீ சாப்புடுறீங்களா?" என்று வந்தார் ஆரோக்கியசெல்வி. இடத்தின் சொந்தக்காரரும் பயிற்சியாளரும் அவரேதான். நாற்பது வயது இருக்கும். பத்து விரலிலும் அழுக்கு பிளாஸ்திரி. அந்தக் கையாலேயே டம்ளரை நீட்டினார்.

"இப்பத்தான் குடிச்சோம்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தார். ஒரு கயிற்றைக் கத்தியால் முழ நீளத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தார். மாலிக்குக்கு அது பொறுக்கவில்லை. கயிற்று வியாபாரி அல்லவா.

"நல்லாத்தானே இருக்கு, ஏன் அறுக்கறீங்க? ஒரு இழை கூட பிரியல."

"அதோட நாளு முடிஞ்சிச்சி சார். முழுசா வுட்டா எவனாவது எடுத்து மாட்டிடுவான்."

"லாரி லோடே கட்டலாம் இதுல."

"லோடு கட்டலாம். ஆளு கட்டக் கூடாது" என்றார் ஆரோக்கியசெல்வி. "லோடு சும்மா கெடக்கும் சார். ஆளு மேலேர்ந்து வுழும். வுழறப்ப கயிறு கொஞ்சம் இழுத்துக் குடுக்கணும். குடுக்கலன்னா கயிறு நிக்கும், முதுவெலும்பு நிக்காது. இதுக்குன்னே வேற கயிறு இருக்கு. எது எப்ப வாங்கனது, எத்தினி தரம் வுழுந்துச்சின்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

நோட்டை நீட்டினார். அட்டையெல்லாம் டீக்கறை. மாலிக் வாங்கவில்லை. அவர் முகம் ஒரு மாதிரி சுருங்கியது. ஒரு பெண் தன் தொழிலைப் பற்றித் தனக்கே பாடம் எடுக்கிறாள் என்ற கோபம் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, கீழே நின்று கயிறு பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பிள்ளை மேலே ஏற ஏற, கீழே நிற்பவர் தொய்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"அதான் நம்ம எடத்து சட்டம். இத கட்டிப் பாருங்கக்கா" என்று இடுப்புப் பட்டை ஒன்றைக் கொடுத்தார்.

தொடையைச் சுற்றி வரும் இரண்டு வளையம், இடுப்புக்கு ஒரு வார். அதில் யாருடைய வியர்வையோ காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டடி பின்னால் போனேன்.

"அய்ய, வாணாம்மா."

ஹப்சா அதற்குள் சுவரை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "ம்மா, செவுரு சூப்பரா இருக்கு. இங்கயே சேந்துக்கறேன்."

"நாத்தம் தாங்கலடி."

"நான் மூக்கால ஏறலம்மா."

மாலிக் கார் சாவியை எடுத்துவிட்டார். "வாங்க போலாம். தவளக்குப்பத்துல ஒண்ணு இருக்கு, நேத்தே போய் பாத்துட்டு வந்துட்டேன். இன்னா நீட்டா வச்சிருக்கான் தெரியுமா."

ஆரோக்கியசெல்வி வாசல் வரைக்கும் வந்தார். "அஞ்சரைக்குத்தான் பூட்டுவேன். மனசு மாறனா வாங்க" என்றார்.

என்னத்துக்கு மாறப் போகிறது என்று நான் காருக்குள் ஏறி, கைக்கு இரண்டு முறை சானிடைசர் போட்டுக்கொண்டேன்.

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றதில் அரை மணி நேரம் போனது. போன பிறகு என் மனசு குளிர்ந்துவிட்டது. கண்ணாடிக் கதவு. ஏசி. எலுமிச்சைப் புல் வாசனை. ஷூ ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். சுருட்டி வைத்த வெள்ளைத் துண்டுகள். பதினாலு மீட்டர் உயரச் சுவர், நேற்றுப் பெயின்ட் அடித்தது போல. பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தேன். அதில் சோறு போட்டுச் சாப்பிடலாம்.

"வாங்க மேடம். பாய் நம்ம ஆளு, பாய் வூட்டுப் புள்ளைய நாங்க பாத்துக்க மாட்டோமா?" என்றார் ராஜ்மோகன். முதலாளி. வெள்ளை டி-ஷர்ட், சென்ட் வாசம். "கயிறெல்லாம் ஃபிரான்ஸ்லேர்ந்து எறக்குனது மேடம்."

மாலிக் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியான நேரம், எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆறு மணிக்குத்தான் பிள்ளைகள் வகுப்பாம். ராஜ்மோகன் முத்திரையை மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டார். "ஒரு தரம் ஏறிக் காட்டட்டும், கையெழுத்து போட்டுடலாம்."

ஹப்சா கயிற்றை இடுப்புப் பட்டையில் முடிந்துகொண்டாள். கயிறு அவள் இடுப்பிலிருந்து உச்சிக்குப் போய், அங்கே ஒரு வளையத்தில் திரும்பி, கீழே ராஜ்மோகன் கைக்கு வருகிறது. அவள் ஏற ஏற இவர் இழுத்துக்கொண்டே இருந்தார். நான் போனில் வீடியோ எடுத்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு என் மகள் மேலே போகிறாள். பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

அவள் உச்சியை நெருங்கும்போது, மேலே வளையத்துக்குப் பக்கத்தில் இருந்த கயிற்றுப் பகுதி மெல்ல மெல்லக் கீழே இறங்கி என் கண் எதிரே வந்தது. அதில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. நூல்.

எங்கள் கடையில் லாரிக்காரர்கள் வந்தால் பதினைந்து மீட்டர் கணக்கில்தான் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டு நிற்க முடியாது என்று, சுருள் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் மாலிக். நான் மத்தியானத்தில் உட்கார்ந்து, பதினைந்து மீட்டருக்கு ஓர் இடத்தில் கோணி ஊசியால் பச்சை நூலைக் குத்தி எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, இடப்பக்கமாக முடிச்சுப் போடுவேன். நான் இடது கைக்காரி. அப்படி முடிச்சுப் போட இந்தக் கொம்யூனில் உள்ள எந்த ஊரிலும் வேறு ஆள் கிடையாது.

கிட்டே போய் கயிற்றைத் தொட்டேன்.

"மேடம், தொடாதீங்க, பாப்பா மேல இருக்கு" என்றார் ராஜ்மோகன்.

மூன்று சுற்று. இடப்பக்க முடிச்சு. என் முடிச்சு.

பிரான்ஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தார்ப்பாயை இறுக்கிக் கட்டும் கயிறு. ஆரோக்கியசெல்வி சொன்னது காதில் அப்படியே ஓடியது. உச்சியைத் தொட்டதும் இவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையையும் விட்டுவிட்டு அப்படியே பின்னால் சாய்வாள். ஏழு வருஷப் பழக்கம்.

"ஹப்சா" என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ, நிதானமாகத்தான் வந்தது. "கைய வுடாத. சாயாத. இது நம்ம கடைக் கயிறு."

சுவரில் அவள் அசையாமல் நின்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"நான் முடிச்சி போட்ட கயிறுடி. லாரிக் கயிறு. புடிச்சிப் புடிச்சி எறங்கி வா."

அப்போது மாலிக் பேசினார். அண்ணாந்து பார்த்து, கொஞ்சுகிற குரலில் பேசினார்.

"ஒண்ணும் ஆவாதும்மா. அம்மா சும்மா பயப்படுது. நீ பாட்டுக்கு சாஞ்சிக்கோ, அத்தா சொல்றேன்ல, தாங்கும்."

அந்த இரண்டு விநாடியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மேலே இருந்து என் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வலது காலைக் கீழே நீட்டி, முதல் பிடியைத் துழாவினாள்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. "எடது பக்கம், ஒரு சாண் கீழ. இன்னும் கொஞ்சம். ஆங், அதான்" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாதியில் ஒரு பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கை வுட்டுப்போவுதும்மா" என்றாள். "நெஞ்ச செவுத்துல ஒட்டி நில்லு. மூச்சு வாங்கு. அவசரமே இல்ல" என்றேன்.

தரையில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கைத் தோல் இரண்டு இடத்தில் பிய்ந்து ரத்தம். ராஜ்மோகன் சுருட்டிய வெள்ளைத் துண்டு ஒன்றை நீட்டினார். எலுமிச்சைப் புல் வாசனை அடித்தது. தட்டிவிட்டேன்.

காரில் வரும்போது மாலிக்தான் பேசினார்.

"அவன் எதுக்கு வாங்கறான்னு நான் கேக்கல ஃபைஜா. கடைக்கு வர்றவன எல்லாம் எதுக்குன்னா கேக்க முடியும்? அங்க போய்ப் பாக்கற வரைக்கும் எனக்கே தெரியாது."

"நேத்தே போய்ப் பாத்தேன்னு சொன்னீங்களே."

"பாத்ரூம் பாத்தேன், ஏசி பாத்தேன். கயிற எவன் பாத்தான்?"

"அப்புறம் ஏன் சாஞ்சிக்கோன்னு சொன்னீங்க?"

"புள்ள பயந்துடப் போவுதேன்னு சொன்னேன். எட்டு டன்னு லோட இழுத்துக் கட்டற கயிறு, அம்பது கிலோ பொண்ண தாங்காதாடி?"

"அல்லா மேல சத்தியமா உங்களுக்குத் தெரியாது?"

"அல்லா மேல சத்தியமா தெரியாது."

பின் ஸீட்டில் ஹப்சா கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள். நான் மனசை ஆற்றிக்கொண்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கயிறு என்றால் பாரம்தான் கணக்கு. பிறந்ததிலிருந்து எத்தனை டன் தாங்கும் என்றே பேசி வளர்ந்தவர்கள். தெரியாமல் நடந்திருக்கும். மடத்தனம்தான், துரோகம் இல்லை. வில்லியனூர் வரும் வரைக்கும் இதையே சொல்லிச் சொல்லி நம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. அவருக்குச் சோறும் சங்கரா மீன் குழம்பும் போட்டுவிட்டு, கை சும்மா இருந்தால் அழுகை வரும் என்று துணி ஊறவைக்கப் போனேன்.

துணிக் குவியலில் மேலே இருந்தது நேற்று ஜும்ஆத் தொழுகைக்கு அவர் போட்டுப்போன வெள்ளைச் சட்டை. வெள்ளையைத் தனியாகத்தான் ஊறவைப்பேன். பாக்கெட்டைத் தடவிப் பார்க்காமல் எதையும் தண்ணீரில் போட மாட்டேன். பேனா மை, பில், இருமல் மாத்திரை, என்னென்னவோ இருக்கும்.

விரலில் பஞ்சு போல ஏதோ தட்டியது. வெளியே எடுத்தேன்.

பச்சை நூல். ஒரு பிடி. எல்லாம் பிளேடால் நறுக்கென்று வெட்டியது. அதிலும் முடிச்சுகள் அப்படியே இருந்தன, மூன்று சுற்று, இடப்பக்கம். பாதி பிளேடு ஒன்று பேப்பரில் மடித்து அதே பாக்கெட்டில் இருந்தது.

நான் அங்கே வந்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று, தொழுதுவிட்டு நேராகப் போய், என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்திருக்கிறார். உச்சியில் இருந்த ஒன்று மட்டும் கைக்கு எட்டவில்லை. கண்ணுக்கும் படவில்லை.

என் பெண் ஏறி ஏறிக் கீழே கொண்டுவந்தது அந்த ஒன்றைத்தான்.

பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அடுத்தவர் வியர்வைக்கும் அழுக்கு ஷூவுக்கும் முகம் சுளித்த நான், இந்த ஆள் சாப்பிட்ட தட்டை எத்தனை வருஷமாகக் கழுவி வைத்திருக்கிறேன். அந்தச் சட்டையைத் தொட்ட கையை நினைத்தாலே கூசியது. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

"இன்னொரு துண்டு மீனு வையி" என்றார் நிமிராமல்.

நூல்களை அவர் தட்டு ஓரத்தில், மீன் முள் பக்கத்தில் வைத்தேன்.

பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு, "இன்னும் ரெண்டு ஊர்ல கிளை தொறக்கறான் ஃபைஜா. எல்லாத்துக்கும் கயிறு நம்ம கடைதான்னு சொன்னான். அண்ணன் வுட்டுக் குடுத்த கடைய நான் நிமித்திக் காட்ட வேணாமா?" என்றார்.

"அல்லா மேல சத்தியம் பண்ணீங்க."

"எதுவும் ஆயிருக்காதுடி."

"சீ" என்றேன். பதினெட்டு வருஷத்தில் அவரைப் பார்த்து நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடையில் கயிறு அறுக்கும் கத்தியை அலமாரியிலிருந்து எடுத்து, தட்டுக்கு எதிரே வைத்தேன்.

"ஆறு மணிக்கு அங்க புள்ளைங்க வரும். இப்பவே போங்க. அங்க இருக்கிற எல்லாக் கயிறையும் முழம் முழமா நறுக்கி அஞ்சு மணிக்குள்ள எனக்குப் போட்டோ அனுப்புங்க. வரலன்னா அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட நின்னு, வர்ற ஒவ்வொரு அம்மாகிட்டயும் யாரு கயிறு, யாரு முடிச்சின்னு நானே சொல்லுவேன். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லுவேன்."

அவர் கத்தியைப் பார்த்தார். எடுக்கவில்லை. தட்டிலேயே கை கழுவினார்.

"ஹப்சா, விண்ணப்பத்த எடுத்துக்கோ. ஸ்கூட்டர்ல ஏறு."

"அத்தா வரலியா?"

"கயிறு நான் புடிக்கறேன்."

அரியூர்க் கிடங்குக்குள் நுழைந்தபோது நாலரை தாண்டியிருந்தது. புளித்த நெல், வௌவால், கால் வாடை, எல்லாம் காலையில் விட்ட இடத்திலேயே இருந்தன. நடந்ததை ஒரு மூச்சில் சொன்னேன். ஆரோக்கியசெல்வி கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், ஹப்சாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து மருந்து வைத்துக் கட்டினார். ஹப்சா அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள்.

"அஞ்சு மணி வரைக்கும் பாப்போம். போட்டோ வரலன்னா நானும் உங்ககூட தவளக்குப்பம் வரேன்" என்றார் ஆரோக்கியசெல்வி. "அது வரைக்கும் சும்மா உக்காந்து இன்னா பண்ணப் போறோம். வாங்க, கத்துக்கங்க."

காலையில் நீட்டிய அதே இடுப்புப் பட்டை. வெள்ளையாகப் பூத்த அதே வியர்வை. போனை எதிரே ஸ்டூலில் வைத்துவிட்டு, புடவையைத் தார்ப்பாய்ச்சிச் செருகிக்கொண்டு இரண்டு காலையும் உள்ளே விட்டேன். மத்தியானம் யாரோ போட்டுக் கழற்றிய ஈரம் புடவையைத் தாண்டித் தொடையில் பட்டது. கண்ணை மூடித் திறந்தேன்.

போன் கறுப்பாகவே கிடந்தது. மணி நாலு ஐம்பது.

ஆரோக்கியசெல்வி அழுக்குப் பிளாஸ்திரி விரலால் வாரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அருவருப்பா இருக்காக்கா?"

"இருக்கு" என்றேன். "நல்லா இறுக்கிக் கட்டுங்க."